வாத்தியாரின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த குறிப்புகள்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி | கரிசல்காட்டான்

எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், பருத்தி தவிர வேறெதுவும் விளையாத மானாவாரிக் கரிசல். ஊருக்கு ஒரே ஒரு தொடக்கப்பள்ளி. 1958இல் அந்தப் பள்ளிக்கு வேலைக்கு வந்து, 1994இல் அங்கேயே தலைமையாசிரியராக ஓய்வுபெற்று, அதன் பிறகும் ஊரைவிட்டுப் போகாமல் குடியிருந்த எங்கள் வாத்தியார் சென்ற கார்த்திகையில் காலமானார்.

பழைய மாணவர்கள் சேர்ந்து படத்திறப்பு வைக்கிறோம். கூடவே ஒரு நினைவு மலர். பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை வந்து சேர்ந்த கட்டுரைகளில் மூன்று 'கல்விக் கண் திறந்த கலங்கரை விளக்கமே' என்று தொடங்குகின்றன. வாத்தியார் பார்த்திருந்தால் மூன்றையும் சிவப்பு மையால் அடித்திருப்பார். 'மரத்தடியில் நின்றான்' என்று நாங்கள் எழுதினால் 'என்ன மரம்?' என்று ஓரத்தில் கேட்டு நோட்டைத் திருப்பித் தருகிற மனிதர் அவர். அவரைப் பற்றி மரத்தின் பெயர் இல்லாத மலர் போட எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய மகள் ஒரு டிரங்குப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார். பாடக்குறிப்பு நோட்டுகள், நூல் கட்டிய ரசீதுகள், துருப்பிடித்த தக்ளி ஒன்று (அவர் நூல் நூற்று நாங்கள் பார்த்ததே இல்லை), காப்பீட்டு முகவர்கள் இலவசமாகக் கொடுக்கும் சிறிய டைரிகள், ஒரு நீள நோட்டு. டைரிகளில் கதை எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி, அதுவும் பாதி சுருக்கெழுத்து. எனக்குப் புரியாதவற்றை இங்கே தருகிறேன்.

பல ஆண்டுகள், ஜூன் மாதங்களில்: 'த.செ.வி. ப.தா. 3. எட்டய.' சில ஆண்டுகளில் 3 என்பது 2 ஆகவோ 5 ஆகவோ மாறுகிறது.

அறுபதுகளில்: 'ம.உ. கம்பு 4 மரக்கால், சோளம் 2. வடக்குத் தெரு பாக்கி.'

ஓரிடத்தில் மட்டும்: 'ஆண்டாய்வு. 62/41.'

எழுபதுகளின் கடைசியிலிருந்து, மாதக்கணக்கில் விடாமல்: 'வண்டி 4½ - 9', 'வண்டி 4½ - 14.' எண் குறைகிற நாளில் பக்கத்தில் ஒரு டிக்.

நீள நோட்டுதான் பெரிய புதிர். எங்கள் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு தேதிகள். முதல் தேதி சான்றிதழில் உள்ள பிறந்த தேதி. என் பெயருக்கு எதிரே 10.5.1964. அதற்கு அடுத்த கட்டத்தில், 'தனுஷ்கோடிப் புயலுக்குப் பிறகு, மார்கழி முடியவில்லை, தாய் சொன்னது.'

அந்தக் காலத்துப் பள்ளி நடைமுறை தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

---

பதில் | சாத்தூர் டீச்சர்

தம்பி, நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. உங்கள் வாத்தியாரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த டைரியை என் கையில் கொடுத்திருந்தால் நின்ற இடத்திலேயே வாசித்துக் காட்டியிருப்பேன்.

த.செ.வி. என்றால் தற்செயல் விடுப்பு. ப.தா. என்றால் பதிவுத்தாள். உயர்நிலைப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் என்பதைத் தொடக்கப்பள்ளியில் பதிவுத்தாள் என்போம். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டால் எங்கள் கடமை முடிந்தது. பெற்றோர் அதை வாங்கிப் பானைக்குள்ளோ கூரை இடுக்கிலோ வைப்பார்கள். பிள்ளை ஆட்டின் பின்னால் போய்விடும். அடுத்த ஊரில் இருக்கும் ஆறாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போக வீட்டில் யாருக்கும் பொழுது இருக்காது. உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் என்ன பேசுவது என்ற பயம் வேறு. உங்கள் வாத்தியார் சொந்த விடுப்பைப் போட்டு, பதிவுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளைத் தாமே எட்டயபுரத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்திருக்கிறார். அரசாங்கம் இதற்கு 'மற்றுப்பணி' தராது, அதாவது வேலைநாளாகக் கணக்கு வைக்காது. சட்டப்படி அது அவர் வேலையே இல்லை. அதனால்தான் விடுப்பு. அந்த ஜூன் வரிகளை ஆண்டுவாரியாகக் கூட்டுங்கள். உங்கள் ஊரில் எத்தனை பேர் ஆறாம் வகுப்புக்கு அவர் பின்னால் நடந்து போனார்கள் என்ற கணக்கு கிடைக்கும். என்னைக் கேட்டால் மலரின் முதல் பக்கத்தில் அந்தக் கணக்கைத்தான் போடுவேன்.

ம.உ. மதிய உணவு. காமராஜர் 1956இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததே உங்கள் பக்கத்து எட்டயபுரத்தில்தான், பாரதி பிறந்த ஊர் என்பதற்காக. அரசுப் பணம் கொஞ்சம் வரும். மீதியை ஊர் தர வேண்டும். தருவது என்றால் வாத்தியார் களத்துமேட்டில் போய் நிற்க வேண்டும் என்று பொருள். கம்பு தூற்றி அம்பாரம் போட்டதும் கோயிலுக்கு, குடிமகனுக்கு (நாவிதருக்கு), வண்ணாருக்கு என்று அளப்பார்கள். அந்த வரிசையில் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மரக்கால் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். 'வடக்குத் தெரு பாக்கி' என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். எந்த ஊரிலும் ஒரு தெரு பாக்கி வைக்கும். பிறகு கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால்பவுடரும் மஞ்சள் மாவும் வந்தன. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்து அமைப்பாளர், சமையலர் என்று தனியாக ஆள் போட்ட பிறகுதான் வாத்தியாருக்கு அடுப்புக் கவலை தீர்ந்தது.

62/41: பதிவேட்டில் 62 பேர். ஆய்வு நாளில் வந்திருந்தது 41 பேர். மாசி, பங்குனியில் பருத்தி எடுப்பு நடக்கும்போது ஆய்வு வந்தால் இப்படித்தான் இருக்கும். இந்த எண்ணிக்கை விஷயம் வெளியாட்களுக்குப் புரியாது. பெயர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கினால் இரண்டாவது ஆசிரியர் பணியிடம் போய்விடும், உபரி என்று வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். ஆகவே வராத பிள்ளையின் பெயரும் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கும். எல்லாப் பள்ளியிலும் இருந்தது, என் பள்ளியிலும் இருந்தது. உங்கள் வாத்தியார் தம் டைரியில் உள்ளதை எழுதியிருக்கிறார். மேலதிகாரிகளுக்குப் போன கணக்கில் என்ன எழுதினார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

தக்ளி: அவர் ஐம்பதுகளில் பயிற்சி பெற்றவர் என்றால் ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் படித்திருப்பார். காந்தியின் ஆதாரக் கல்வி நடைமுறையில் இருந்த காலம் அது. கைத்தொழில் வழியாகப் படிப்பு என்பார்கள். ஆசிரியர் ஆகப்போகிறவர் நூல் நூற்றுச் சிட்டம் போட்டுக் காட்ட வேண்டும். பள்ளிகளிலும் தக்ளி வகுப்பு இருந்தது. பிறகு மெல்ல ஓய்ந்துவிட்டது.

நீள நோட்டைப் பற்றி என்ன சொல்ல? ஊரில் பிறப்பைப் பதிவு செய்தவர்கள் அன்று மிகக் குறைவு. ஜூன் மாதம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், ஐந்து வயது நிறைந்ததாக ஒரு தேதியை நாங்கள்தான் போட வேண்டும். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காதைத் தொடச் சொல்லுவோம், தொட்டால் சேர்த்துக்கொள்வோம். அதனால்தான் உங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள். ஆனால் தாய் சொன்னதைத் தனியாக எழுதிவைத்த ஆசிரியர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அந்த எண்ணம் தோன்றவில்லை. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22, 23. உங்கள் தாய் சொன்னது சரியாக இருந்தால், நீங்கள் அந்த மாதக் கடைசியிலோ ஜனவரியின் முதல் இரு வாரங்களிலோ பிறந்திருக்கிறீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் அரசு வேலையில் இருந்தவர் என்றால், ஓய்வை ஏழெட்டு மாதம் முன்னால் வாங்கியிருப்பீர்கள். வேலையில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் மனுச் செய்தால்தான் பிறந்த தேதியைத் திருத்த முடியும் என்பது விதி. இப்போது அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் அலுவலகப் படியேற வேண்டாம்.

'வண்டி 4½' எனக்கும் தெரியும். எங்கள் பக்கம் முழுக்க அந்த வண்டி வந்தது. அதை, அதில் போனவர்கள் யாராவது சொல்லட்டும்.

---

பதில் | தெற்குத்தெரு

கரிசல்காட்டான் அண்ணனுக்கு, நானும் அதே பள்ளிதான், உங்களுக்கு ஏழெட்டு வகுப்பு பின்னால் படித்தவன். வாத்தியார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மலரில் இதையும் எழுதுவீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.

எங்கள் அண்ணன்மார் படித்த காலத்தில் பள்ளியில் இரண்டு தண்ணீர்ப் பானை இருந்தது. ஒன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு. மற்றொன்று எங்களுக்கு, திண்ணையின் கோடியில். வாத்தியார் வைத்த ஏற்பாடு இல்லை, அவர் வருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் அவர் வந்த பிறகும் பல ஆண்டுகள் இருந்தது. அதை ஒன்றாக்க அவர் எடுத்துக்கொண்ட வழியும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது திண்ணைப் பானை இல்லை. உடைந்துவிட்டது, பள்ளியை நடத்தும் பஞ்சாயத்து யூனியனிலிருந்து வேறு பானைக்குப் பணம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். யார் கேட்டாலும் அதே பதில். ஊரில் இரண்டு வீடுகள் பிள்ளைகளை நிறுத்திப் பார்த்தன, பிறகு அனுப்பிவிட்டன. அதற்கப்புறம் பஞ்சாயத்து யூனியன் சேர்மன் அவரைக் கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார். ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பினார். பானைதான் காரணம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

துணிச்சலாக ஊர்க்கூட்டத்தில் பேசினாரா என்றால் இல்லை. சட்டம் பேசினாரா என்றால் அதுவும் இல்லை. உடைந்துவிட்டது என்று ஒரு பொய். பல ஆண்டுகள் தாமதமான பொய். எங்கள் அண்ணன் அந்தத் திண்ணைப் பானையில் குடித்தே ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டான். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

உட்காரும் இடத்தை உயர வரிசையில் போட்டார், அதுவரை நாங்கள் கடைசியில் உட்கார்ந்தது அப்படித்தான் மாறியது. நான் வகுப்பிலேயே உயரமானவன். ஆகவே எனக்கு மட்டும் கடைசி இடம் மாறவில்லை. இதைச் சொல்லி அவரிடமே சிரித்திருக்கிறேன், ஓய்வுபெற்ற பிறகு.

இன்னொன்று. புளியம் விளார். வாய்ப்பாடு தப்பினால் கெண்டைக்கால் சிவக்கும். அடித்துத்தான் படிக்கவைத்தார் என்று பெருமையாக எழுத ஒரு கூட்டம் வரும். அடிக்குப் பயந்து மூன்றாம் வகுப்போடு நின்ற என் சித்தப்பா மகன் அந்த மலரை வாசிப்பான், நினைவிருக்கட்டும்.

---

பதில் | பெட்டி ஒட்டியவள்

அண்ணாச்சி, அந்த 'வண்டி 4½ - 9' என்பதில் ஒன்று நான்.

தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. காலை நாலரைக்கு வந்து ஆரன் அடிக்கும். வீட்டில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஏஜெண்ட் வாங்கிக் கொடுத்தது. ஆகவே பிள்ளை போகாமல் இருக்க முடியாது. தூக்கத்திலேயே தூக்கி வண்டிக்குள் உட்காரவைப்பார்கள், கையில் தூக்குச்சட்டி. ராத்திரி ஏழு, ஏழரைக்குத் திரும்பும். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டை அடுக்குகிற வேலை. குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்க வேண்டும். மருந்து முக்குகிற இடத்து நெடி மூக்கிலேயே இருக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பெட்டி அடைப்போம், லேபிள் ஒட்டுவோம். வீட்டில் இருக்கிறவர்கள் அடிப்பெட்டி ஒட்டுவார்கள்.

வண்டி நிற்கிற இடத்தில் ஒரு வேம்பு. (மரத்தின் பெயர் கேட்டீர்களே.) சார் அதன் அடியில் டார்ச் லைட்டோடு நிற்பார். முதலில் எங்களை இறக்கிக் கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று நினைத்துப் பயந்தோம், வீட்டில் அடி விழுமே என்று. அவர் யாரையும் இறக்கவில்லை. ஏறுகிற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுவார், அவ்வளவுதான். ஏஜெண்டுக்கு அது பிடிக்காது. 'என்ன சார், எங்களுக்கே ரோல்கால் எடுக்கிறீர்களா' என்று கேட்பான். 'என் பதிவேட்டில் இருக்கிற பிள்ளைகள், நான் எண்ணத்தான் செய்வேன்' என்பார். டீச்சர் சொன்ன பதிவேட்டுக் கணக்கை இப்போது வாசிக்கும்போதுதான் அந்தப் பதிலில் இன்னொரு பொருளும் இருந்தது தெரிகிறது. டிக் போட்டிருப்பது ஒரு பிள்ளை வண்டியை விட்டு நின்ற நாள் என்று நினைக்கிறேன். தேதியை அனுப்புங்கள், யார் என்று என்னால் சொல்ல முடியும்.

ராத்திரி எட்டு மணிக்குப் பள்ளியில் அரிக்கேன் விளக்கு எரியும். போனால் தூங்கித்தான் விழுவோம். பாட்டு, கதை எல்லாம் வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. பிறகு குரோஸ் கணக்கு என்று ஒன்றைத் தொடங்கினார். ஒரு குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், 144. குரோஸுக்கு இத்தனை பைசா, இன்றைக்கு இத்தனை ஒட்டினாய், கழிவு இத்தனை போட்டான், உனக்கு வர வேண்டியது எவ்வளவு? வீட்டில் பெட்டி ஒட்டுகிற அம்மாக்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஏனென்றால் ஏஜெண்ட் எழுதுகிற சிட்டையை எங்கள் தெருவில் அதுவரை யாரும் திருப்பிக் கூட்டிப் பார்த்ததில்லை. என் அம்மா கைநாட்டுதான், ஆனால் 144ஆம் வாய்ப்பாடு பத்து வரைக்கும் தலைகீழாகச் சொல்வாள். வேறு எந்த வாய்ப்பாடும் தெரியாது. கூலி கொடுக்கிற நாளில் எங்கள் தெருவில் சண்டை கூடிப்போயிற்று. ஏஜெண்ட் நேராக சாரிடம் வந்து சத்தம் போட்டான். 'நான் பெருக்கல்தான் சொல்லிக்கொடுத்தேன்' என்றாராம்.

1986இல் தீப்பெட்டி வேலையில் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வண்டி உடனே நின்றுவிடவில்லை. கொஞ்சம் சீக்கிரமாக, ஆரன் அடிக்காமல் வந்தது. நான் அதற்குள் பெரியவள் ஆகிவிட்டேன். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதினேன். விண்ணப்பம் நிரப்பியது அவர், பணம் கட்டியதும் அவர். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் பிற்பாடு சத்துணவு மையத்தில் சமையலராகச் சேர்ந்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரசீது இல்லாமல் வாங்க மாட்டேன் என்று விளையாட்டுக் காட்டி அனுப்பிவிட்டார்.

தெற்குத்தெருத் தம்பி சொன்ன அடி உண்மை. ஆனால் வண்டிக்குப் போகிற பிள்ளைகளை ராத்திரிப் பள்ளியில் அவர் ஒரு நாளும் அடித்ததில்லை. பகலில் அடித்தவர் ராத்திரியில் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால், அதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

---

பதில் | ஏடு காப்போன்

காகிதங்களைப் பற்றி மட்டும். டைரிகளை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும். துருப்பிடித்த குண்டூசிகளை மெல்ல எடுத்துவிடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், நிழலில் காற்றாட வையுங்கள். டிரங்குப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், கரிசல் ஊரில் கரையான் சுவர் வழியாகவே வரும். அட்டை முதல் அட்டை வரை வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு நிரந்தரப் பதிவேடு, அதை அழிக்கக் கூடாது. இப்போதைய தலைமையாசிரியரிடம் முறையாக எழுதிக் கேட்டால் பார்க்கவாவது விடுவார். நீள நோட்டை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

---

பதில் | கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி ஜூன் வரிகளைக் கூட்டத் தொடங்கியிருக்கிறேன். நடுவில் சில ஆண்டுகளின் டைரிகள் இல்லை, அவற்றை வெற்றிடமாகவே விடுவேன். 1985 கடைசியில் சில வாரங்கள் வெறுமையாகக் கிடந்தன. மகளிடம் கேட்டேன். அந்த ஆண்டு ஆசிரியர் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் போட்டார்களே, அதில் இவரும் பாளையங்கோட்டையில் இருந்திருக்கிறார். ஊருக்குத் 'திருச்செந்தூருக்கு விரதம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 1981இல் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆன பிறகு, இனி எந்தச் சேர்மனும் மாற்ற முடியாது என்ற தெம்பில் சங்கத்தில் சேர்ந்தாராம். பானைக் கதைக்கு இதுவும் ஒரு சாட்சியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

தெற்குத்தெரு எழுதியதை மலர்க் குழுவில் வாசித்துக் காட்டினேன். கூட்டம் பாதியில் கலைந்தது. படத்திறப்பில் பழைய பகையைக் கிளறாதே என்று இருவர் எழுந்து போனார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அன்று பள்ளிக்கு வராமல் நின்றவர்கள் என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். நான் போடப்போகிறேன். தெற்குத்தெருவே அதைத் தன் சொந்தப் பெயரில் எழுதித் தர வேண்டும், நான் ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன். விளார் பற்றியும் சேர்த்துத்தான்.

வாத்தியாரின் மகள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். ரசீதுக் கட்டுகளில் யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார் என்று இருக்கிறது. அந்தப் பெயர்கள் வெளியே வரக் கூடாது. 'அப்பா வசூலிக்காததை நீங்கள் மலர் போட்டு வசூலிக்க வேண்டாம்' என்றார். சொல்லும்போது கொஞ்சம் கோபமாகவே இருந்தார். அவர் கல்லூரியில் சேர வேண்டிய ஆண்டில் வீட்டில் பணம் இல்லாமல் ஒரு வருடம் காத்திருந்தவர். அந்த ஆண்டின் ரசீதுகளும் அந்தக் கட்டில் இருக்கின்றன. அதைப் பற்றி அவரையே எழுதச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

பெட்டி ஒட்டிய அக்காவுக்கு: டிக் போட்ட தேதிகளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பெயர்கள் தெரிந்தாலும் அவர்களிடம் கேட்காமல் அச்சில் வராது. உங்கள் அம்மா நலமாக இருந்தால், அந்த 144ஆம் வாய்ப்பாட்டை அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து அனுப்ப முடியுமா?

கலங்கரை விளக்கக் கட்டுரைகள் மூன்றையும் எழுதியவர்களிடம் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். ஒருவர் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டார். அவருக்குக் கால் உடைந்த ஆண்டில், வாத்தியார் சைக்கிளின் பின்னால் வைத்து விளாத்திகுளத்தில் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் கூட்டிப்போன கதை. போகிற வழியெல்லாம் வாய்ப்பாடு கேட்டாராம். இது போதும், இதைப் போட்டுவிடலாம்.

இன்னும் ஒரு உதவி. வாத்தியாரோடு ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்ட குழுப் புகைப்படம் யாரிடமாவது இருந்தால் தை முடிவதற்குள் அனுப்புங்கள். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள், அவர் அங்கேதான் பெயர்களை எழுதுவார்.